காவலுக்கு நால்வர்

சிராங்கூன் சாலையில் கடையை மூடிக்கொண்டிருந்தார் மீராகனி.
துணியெல்லாம் பாதி விலைக்குப் போய்விட்டது.
பொம்மைகள் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால்
உடுத்த எதுவுமின்றி, கூச்சமுமின்றி.
"நாலு வேண்டும்" என்றேன்.
"ஜோடியாகவா?"
"நாலும் ஆண்."
ஏன் என்று கேட்கவில்லை. ஒருவனுக்கு மூக்கு உடைந்திருந்ததால்
பத்து வெள்ளி குறைத்தார்.

கப்பல்களுக்குச் சாமான் கொடுப்பவன் நான்.
கோழி, முட்டைகோஸ், கயிறு, சவரக்கத்தி,
ஒருமுறை கித்தாருக்கு ஒற்றைத் தந்தி.
இந்த ஆண்டு பட்டியலில் புதிதாக வந்தவை:
முள்கம்பிச் சுருள் நாற்பது,
மணல்மூட்டை இருநூறு,
மேல்தளத்தில் நிறுத்த ஆள் உருவம் நாலு.
நிஜ ஆளென்றால் சம்பளம் கேட்பான்,
ஏதாவது ஆனால்
யாராவது அவன் வீட்டுக்குப் போன் பண்ண வேண்டும்.

ஆரஞ்சு உடுப்பு, தலைக்கவசம், இரும்பு முனை பூட்ஸ்.
ஒன்பதாம் அளவில் மூன்று ஜோடிதான் கையிருப்பு.
மூக்குடைந்தவனுக்குப் பதினொன்று.
வெஸ்ட் கோஸ்ட் படகுத்துறையில்
நால்வரையும் நிற்கவைத்தே கட்டினோம்.
படகோட்டி ரோஸ்லான் ஒவ்வொருவனிடமும் கைகுலுக்கி
"ஸலாமத் ஜாலான்" என்றான்.
சிரித்தோம். கப்பல் ஏணியில் நின்ற
இரண்டாம் அதிகாரி டெல்ஃபின் சிரிக்கவில்லை.
அவனுக்குச் செங்கடல்.

செங்கடலுக்குப் போகவே இல்லை அந்தக் கப்பல்.
ஏழு நாள் கடப்பதற்குக் காப்பீட்டுக்காரன் கேட்டது
கப்பல் விலையில் நூற்றுக்கு முக்கால்.
எங்கோ ஒரு மேசையில் யாரோ கூட்டிக் கழித்து
நன்னம்பிக்கை முனையைச் சுற்று என்றார்கள்.
பொம்மைகள் ஆப்பிரிக்கா முழுவதும்
திமிங்கலங்களுக்குக் காவல் நின்றன.

அந்த மாதங்களில் எந்தக் கப்பலும் சொன்ன நாளில் வரவில்லை;
வந்தபோது எல்லாம் ஒன்றாய் வந்தன.
பிடோக் கடற்கரையிலிருந்து பார்த்தால் இரவில்
தண்ணீருக்குள் இன்னொரு பேட்டை கட்டிவிட்டார்கள் போலிருக்கும்,
எல்லா மாடியிலும் விளக்கு, யாரும் குடிவரவில்லை.
தேக்கா கடையில் பால்மாவு டின்னைக் கையில் எடுத்து
விலையைப் படித்து
அலமாரியில் திரும்ப வைத்தாள் ஒருத்தி.
இடுப்பில் இருந்த குழந்தை டின்னைப் பார்த்தபடியே போனது.
கடைக்காரர் என்னிடம் சொன்னார்:
"எங்கேயோ சுடுகிறார்களாம், அண்ணே."

திரும்பும்போது, கடைசி இரவு.
பிலிப் கால்வாய். சிங்கப்பூர் வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிறது,
பாத்தாம் வெளிச்சமும்.
சமையல்காரன் மறுநாள் இறங்குவதற்குச் சட்டை தேய்த்துவிட்டானாம்.
மணி மூன்றே கால். கொக்கிக் கழி,
மூங்கில் ஏணி, ஐந்து பேர், இரண்டு பாராங் கத்தி.
இயந்திர அறையின் உதிரிப் பாகம் இரண்டு பெட்டி.
எண்ணெய்க்காரன் ஒருவனைக் கட்டிப்போட்டார்கள்;
மணிக்கட்டில் கயிற்றுத் தடம், வேறொன்றுமில்லை.
இருபது நிமிடம். அபாய மணி அலறியபோது
கடல் வெறுமையாய் இருந்தது.

அறிக்கையில் ஒரு பத்தி.
மூன்று நாட்டு ரோந்துப் படகு, மூன்று நாட்டு வரைபடம்,
மூன்று கோட்டுக்கும் நடுவே மூங்கில் ஏணி.
காப்பீட்டுக்காரனின் மேசைக்கு
இன்னொரு கடலும் போய்ச் சேர்ந்திருக்கும்.

நங்கூரம் போட்டதும் நான்தான் முதலில் ஏறினேன்.
பின்தளத்தில் நால்வரும் நின்றிருந்தார்கள்,
கட்டியது கட்டியபடி, கண் திறந்தபடி,
வெறுங்காலோடு.
உப்புக் காய்ந்த இரும்பில்
காலடித் தடங்கள். சின்னவை. அவையும் வெறுங்கால்.

"பூட்ஸ் நாலு ஜோடி" என்று எழுதத் தொடங்கினேன்.
"மூன்று" என்றான் டெல்ஃபின்.
கம்பியோரம் காட்டினான்.
பதினொன்றாம் அளவு யாருக்கும் சேரவில்லை போலும்.
போட்டுப் பார்த்துக் கழற்றி
ஜோடியாய், நேராய், ஓரமாய் வைத்திருந்தார்கள்,
ஒரு வீட்டுக்குள் நுழையுமுன் வைப்பதைப் போல.